தாலியை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

திருச்சபைச் சட்டம் இப்படிச் சொல்கிறது. கணவன் காணாமல் போய்விட்டான் என்பதற்காக ஒரு பெண் மறுமணம் செய்துகொள்ள முடியாது. எத்தனை ஆண்டு ஆனாலும் சரி. அவன் இறந்துவிட்டான் என்பது நிச்சயமாகத் தெரிய வேண்டும். நிச்சயம் என்றால், சாவுக்குப் பத்திரம். பத்திரம் இல்லையென்றால் சத்தியம் செய்து சொல்லும் சாட்சிகள் இருவர். இருவர் கிடைக்காவிட்டால் நம்பத்தகுந்த ஒருவர். அவரும் இல்லையென்றால் போன இடம், போன நேரத்தின் காற்று மழை, ஆளின் குணம், ஊரார் பேச்சு எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கலாம். நியாயமான மனிதன் ஒருவனுக்கு அதில் சந்தேகம் நீங்கினால் போதும். தீர்மானிக்கும் அதிகாரம் பிஷப்பாகிய மேற்றிராணியாருக்கு உண்டு. அவருக்கும் சந்தேகம் தீராத பட்சத்தில் மட்டும் உரோமாபுரிக்கு எழுத வேண்டும்.

நல்ல சட்டம். குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கும் கேட்டால் இலத்தீனில் ஒப்பிப்பேன். கடைசி வாக்கியத்தில் உள்ள ‘மட்டும்’ என்ற சொல்லை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் படித்திருந்தோம். அதன்படி நடந்ததை நான் பார்த்ததில்லை.

எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அந்தக் காலத்தில் சென்னைக்குள் கத்தோலிக்கருக்கு இரண்டு மேற்றிராணிமார் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் சட்டம் ஒன்றுதான், கோப்புக் கட்டும் நாடா ஒன்றுதான், தயக்கமும் ஒன்றுதான். நான் அதில் ஒன்றில் ரைட்டராக இருந்தேன். குருமடத்தில் பாதி வரை படித்துவிட்டு வெளியே வந்தவன். இலத்தீன் தெரியும், சம்பளம் குறைவாகக் கேட்பேன். ஆகவே எனக்கு அங்கே மேசை கிடைத்தது.

மீன்கூடை வாசலில்

கோடையின் ஆரம்பம். மயிலாப்பூர்ப் பக்கம் வேப்பம்பூ கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு பெண் மீன்கூடையை இறக்கிவைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஓர் ஆள், தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. கூடையை வெளியே விட்டாலும் வாடை உள்ளே வந்தது.

“என்னம்மா விஷயம்?” என்றேன்.

“கல்யாணம் கட்டணும், ரைட்டரய்யா.”

“யாருக்கு?”

“எனுக்குத்தான்.”

நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு, அதில் சிலுவை போட்ட தாலி. கயிறு புதிது, தாலி பழையது.

“கழுத்தில் தாலி இருக்கிறதே?”

“கீது. அது எங்க ஊட்டுக்காரரு கட்டினது. அவரு கடலுக்குப் போய்ட்டாரு.”

“எப்போது வருவார்?”

பின்னால் நின்றவன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். “அவன் வர்றவனா இருந்தா, நாங்க இன்னாத்துக்கு ரைட்டரய்யா இங்க வந்து நின்னுகினு கீறோம்?”

அவன் பெயர் சூசை. அவள் ரோசம்மாள். அடையாற்று முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே இருந்த ஒரு குப்பத்திலிருந்து வந்திருந்தார்கள். கடலுக்குப் போனவன் அந்தோணி. அவள் அந்தப் பெயரை ஒருதரம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் சூசையைத் திரும்பிப் பார்ப்பாள், அவன் சொல்லுவான்.

இறந்தவனுக்குப் பூசை, இருப்பவனுக்குச் சட்டம்

நடந்தது இவ்வளவுதான். ஓர் ஐப்பசியில் அந்தோணி தனியாகச் சின்ன மரத்தில் கடலேறியிருக்கிறான். கட்டுமரத்தை அவர்கள் மரம் என்றே சொல்வார்கள். திடீரென்று காற்று திரும்பியது. பக்கத்தில் வேறொரு மரத்தில் இருந்த மடுத்தீன் என்பவர், அந்தோணியின் மரம் அலையில் புரண்டதைப் பார்த்தார். தண்ணீருக்கு மேலே ஒரு கை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. மறுநாள் கயிறு அறுந்து மரம் கரை ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை.

பங்குச் சாமியார் அவனுக்காகப் பாடல் பூசை வைத்தார். உடல் இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கும் எங்களிடம் முறை உண்டு. கோயில் நடுவில் வெறும் பெட்டியை வைத்து, கறுப்புத் துணி போர்த்தி, சுற்றிலும் மெழுகுவர்த்தி கொளுத்தி, உள்ளே ஆள் இருப்பதுபோலவே தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்ட வேண்டும். காட்டினார்கள். அதன்பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மரித்த விசுவாசிகளின் பெயர்களை வாசிக்கும்போது அந்தோணியின் பெயரையும் வாசித்தார்கள்.

அப்படியானால் திருச்சபையின் கணக்கில் அவன் மரித்தவன்தானே என்று கேட்பீர்கள். பூசைக்கு மரித்தவன். கல்யாணத்துக்கு அல்ல. ஒருவனுக்காக மன்றாட அவன் இறந்திருக்கலாம் என்ற எண்ணம் போதும். அவன் மனைவியை இன்னொருவனுக்குக் கொடுக்க அது போதாது. இது முரண் அல்ல. ஒரு பக்கம் கருணை, மறுபக்கம் எச்சரிக்கை. முப்பது வருஷம் இதை வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கினேன். ஒருவரும் தலையாட்டியதில்லை.

நடுவில் இன்னொன்றும் நடந்திருந்தது. ரோசம்மாளும் சூசையும் ஒரே குடிசையில் குடித்தனம் தொடங்கி ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. ஞானஸ்நானத்துக்குத் தூக்கி வந்தார்கள். தகப்பன் பெயர் என்ன எழுதுவது? மணமான பெண்ணின் பிள்ளைக்குத் தகப்பன் அவள் கணவனே என்று கொள்ள வேண்டும் என்பது சட்டத்தின் அனுமானம். பிள்ளைக்கு இழுக்கு வரக்கூடாது என்று பங்குச் சாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். கடலில் போய் மூன்றாம் வருஷம் அந்தோணிக்குப் பெண்குழந்தை பிறந்தது. சூசை அதைக் கையில் ஏந்தி நின்றான்.

அந்தக் குழந்தை தங்கவில்லை. அம்மை போட்டுப் போயிற்று.

இருபத்துநாலு வயது என்ற காரணம்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது எதுவாவது சுலபமாகக் கிடைத்ததா?”

கிடைத்தது ஐயா. மாமன் மகளைக் கட்ட வந்தவர்களுக்கும், அக்காள் மகளைக் கட்ட வந்தவர்களுக்கும் கிடைத்தது. இரத்த உறவு தடை. ஆனால் அது திருச்சபை தானே போட்ட தடை, தானே தளர்த்தலாம். அதற்குக் காரணம் காட்ட வேண்டும். ஒப்புக்கொள்ளத்தக்க காரணங்கள் முன்பே வகுத்து வைக்கப்பட்டிருந்தன. ஊர் சிறியது, வேறு மாப்பிள்ளை கிடைக்காது என்பது ஒன்று. பெண்ணுக்கு இருபத்துநாலு வயது தாண்டிவிட்டது என்பது இன்னொன்று. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பதினாறிலேயே கல்யாணம் ஆகிவிடும் என்பதால் அந்தக் காரணம் கிடைப்பது அரிது.

தி.நகரில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த ஒரு பெரிய மனிதர், தம் மகளுக்கு அந்த வயதைப் போட்டுக் கொண்டுவந்தார். பெண் பக்கத்தில் நின்றாள், ரெட்டைச் சடையோடு. நான் அவளைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். “ஊர் சிறியது என்று போடலாமா?” என்றேன். “தி.நகரா?” என்றார். “உங்கள் சாதியில் ஊர் சிறியதுதானே” என்றேன். அதுவே போய், அதுவே பாஸாகியும் வந்தது.

ரோசம்மாளின் காரியம் அப்படிப்பட்டதல்ல. உயிரோடிருக்கும் ஒருவனோடு கட்டிய முடிச்சை எந்த மேற்றிராணியாரும் அவிழ்க்க முடியாது, போப்பாண்டவராலும் ஆகாது. அது தேவ கட்டளை. அங்கே சலுகைக்கு இடமில்லை. அவன் இறந்தானா என்ற ஒரே கேள்விதான். அதற்கு மடுத்தீன் வந்து வேதபுத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். பார்த்ததைச் சொன்னார், பார்க்காததைச் சொல்லவில்லை. நம்பத்தகுந்த ஒருவர், ஐப்பசிக் காற்று, கயிறு அறுந்த மரம், ஊர்முழுக்க ஒரே பேச்சு. முதல் பத்தியைத் திருப்பிப் படியுங்கள். எல்லாம் இருந்தது.

பொட்டியா கட்டுச்சு?

எங்கள் அலுவலகத்தில் பந்தக் காப்பாளர் என்று ஒரு சாமியார் உண்டு. யாராவது தங்கள் கல்யாணம் கல்யாணமே அல்ல, அல்லது முடிந்துவிட்டது என்று வந்தால், கல்யாணத்தின் சார்பில் பேசுவதற்காக நியமிக்கப்பட்டவர். வயதானவர், மென்மையானவர். தெருப்பூனைகளுக்குத் தம் காப்பிப் பாலில் பாதியை ஊற்றுவார். அவர் ரோசம்மாளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உன் புருஷன் செத்துப்போனான் என்று நீ நம்புகிறாயா?”

“நம்பறேன் சாமி.”

“அப்படியானால் கழுத்தில் ஏன் இன்னும் தாலி?”

ரோசம்மாள் அவரைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அந்தக் குப்பத்தில் புருஷன் செத்தால் தாலியை வேறு பெண்கள் அறுக்க மாட்டார்கள். பெட்டியை மூடுமுன் மனைவியே கழற்றிப் பிணத்தின் வலக்கையில் வைத்து விரல்களை மடக்கிவிடுவாள். கட்டினவன் கையில் திருப்பிக் கொடுப்பது. கடல் உடலைத் தராவிட்டால் தாலியும் கழலாது. அப்படித் தாலியோடு நரைத்து, தாலியோடு மண்ணுக்குப் போன பெண்கள் அங்கே உண்டு. எத்தனையோ பங்குச் சாமியார்கள் சொல்லிப் பார்த்தும் அதை மாற்ற முடியவில்லை.

இதையெல்லாம் நான் சாமியாருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பில் எழுதினார்: மனுதாரரே முதல் கணவன் கட்டிய தாலியை அணிந்திருக்கிறார்; ஆகவே சந்தேகம் தீரவில்லை.

“சாமி, இந்தப் பெண்ணின் நிலையை—” என்று ஆரம்பித்தேன்.

“நான் பந்தத்தைக் காக்க நியமிக்கப்பட்டவன்” என்றார். “பெண்ணைக் காக்க வேறு யாரையாவது நியமித்திருந்தால் அவரிடம் சொல்லும்.”

அப்படி யாரும் நியமிக்கப்படவில்லை.

நான் வாசலுக்கு வந்து அவளிடம் மெதுவாகச் சொன்னேன். “ஒரு காரியம் செய். அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடு. அடுத்த மாதம் வா. எல்லாம் முடிந்துவிடும்.”

“பொட்டியில வக்கிறதா?” அவள் கூடையைத் தூக்கிச் சும்மாட்டின்மேல் வைத்துக்கொண்டாள். “பொட்டியா ரைட்டரய்யா எனுக்குக் கட்டுச்சு?”

அவளைக் கழற்றச் சொல்லிச் சூசை கேட்டிருக்கலாம். அவனும் அதே குப்பத்தில் பிறந்தவன். கேட்கவில்லை.

சந்தேகம் என்று கோப்பில் ஒரு வரி விழுந்துவிட்டதால், காகிதக்கட்டு உரோமாபுரிக்குக் கப்பலேறியது.

அண்ணனும் தங்கையும்

பதில் வரும்வரை என்ன செய்வது? இருவரும் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது, நற்கருணை வாங்க முடியாது. அப்படியே செத்தால் மந்திரித்த கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது. மதிலுக்கு வெளியே, தூக்குப்போட்டுக்கொண்டவர்களைப் புதைக்கிற மூலை.

பங்குச் சாமியார் அப்போதுதான் குருப்பட்டம் வாங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆனவர். நெஞ்சில் ஈரம் காயாதவர். அவர் நூல்களைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். பிரிந்து வாழ முடியாத நியாயமான காரணம் இருந்தால், இருவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம். ஆனால் சகோதரனும் சகோதரியுமாக. அப்படி வாக்குக் கொடுத்தால் பாவமன்னிப்பு உண்டு, நற்கருணையும் உண்டு. ஊராருக்கு இடறலாக, தவறான முன்னுதாரணமாக, இருக்கக்கூடாது என்பதால் சொந்தப் பங்கில் வாங்கக்கூடாது. தங்களைத் தெரியாத வேறு கோயிலுக்குப் போய் வாங்க வேண்டும்.

காரணம் இருந்தது. சூசைக்கு அப்போதே இருமல். தனியே விட்டால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை.

அவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். குடிசை ஒரே அறை. சூசை பழைய மரப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, காற்றில் விரிக்கிற அதே பாய், நடுவில் கூரையிலிருந்து தொங்கவிட்டான். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் மணலோரமாக நடந்து, சாந்தோம் தாண்டி யாருக்கும் தெரியாத ஒரு கோயிலுக்குப் போவார்கள். அவள் முன்னே, அவன் பின்னே, இடையே ஒரு தெருவின் நீளம். சேர்ந்து போவதும் இடறல்தானே.

குடிசையில் பாய் தொங்குவதைக் குப்பம் பார்க்காமல் இருக்குமா? மீன் விற்கிற பெண்கள் அவளை விட்டார்களா?

“இன்னா ரோசம்மா, உங்க அண்ணாத்த நல்லாக் கீறாரா?”

“அண்ணாத்தைக்குக் கஞ்சி இந்தப் பக்கம் நின்னு ஊத்துவியா, அந்தப் பக்கம் போய் ஊத்துவியா?”

ரோசம்மாள் திருப்பிக் கொடுப்பாள். “உன் ஊட்டுல பாயே இல்ல, உன் புருசன் உன் பக்கமா கீறான்? கள்ளுக்கட பக்கம் கீறான்.” இதை எனக்குச் சொல்லிச் சிரித்தவர் மடுத்தீன். சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் அந்த வாக்கைக் காப்பாற்றினார்களா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அது பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு உரிய விஷயம், என் மேசைக்கு உரியதல்ல. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும்.

தைலம்

மழைக்காலத்தில் ஒருநாள் அவள் தனியாக வந்தாள். கூடை இல்லை. தலை நனைந்திருந்தது. பங்குச் சாமியார் தியானத்துக்குப் போயிருந்தார். அதனால் என்னிடம் வந்திருக்கிறாள்.

“ரைட்டரய்யா, உங்க பொஸ்தகத்துல பாத்து ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“அவுருக்கு நெஞ்சு ரொம்ப வலிக்குது. மூச்சு இழுத்துகினே கீது. வைத்தியரு தைலம் குடுத்து நெஞ்சுல தேய்க்கச் சொன்னாரு. அவுரு கைய்யால அவுரால ஆவல.” நனைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். “நான் தேய்க்கலாமா? வாக்கு குடுத்துட்டு கீறனே.”

ஒழுக்க இறையியல் நூல்களில், விபசாரத்தை விலக்கும் ஆறாம் கட்டளையைப் பற்றிய பகுதி எப்போதும் தனி. ஆங்கிலத்தில் எழுதிய நூலானாலும் பிரெஞ்சில் எழுதிய நூலானாலும் அந்த இடம் வந்ததும் இலத்தீனுக்குத் தாவிவிடும். எளிய மனங்கள் கெட்டுவிடக் கூடாதென்று. நான் எடுத்துப் பார்த்தேன். பார்வை, தொடுதல், முத்தம் எல்லாம் வகை வகையாக இருந்தது. யார் யாரை, உடம்பின் எந்தப் பாகத்தில், என்ன நோக்கத்தோடு, எவ்வளவு தேவைக்காக. எழுதியவர்கள் எல்லோரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தேவையின் பொருட்டு, தீய நோக்கமின்றி, நோயாளியைத் தொடுவது பாவமல்ல.

“தேய்க்கலாம்” என்றேன்.

அவள் போகவில்லை. “எவ்ளோ நேரம்?”

மறுபடி நூலைப் பார்த்தேன். அது இல்லை.

“வலி நிற்கிறவரைக்கும்” என்றேன். நூல் சொல்லாததை நான் சொன்ன சில இடங்களில் அது ஒன்று.

“அவுருக்கு நிக்கவே மாட்டேங்குது” என்றாள். அப்போது அவள் முகத்தில் வந்ததைத் துக்கம் என்று மட்டும் எழுதினால் பொய்யாகும்.

நிலுவையில் உள்ளபோது

அடுத்த கோடையில், சாகக் கிடந்த சூசைக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கப் பங்குச் சாமியார் போனபோது என்னையும் கூட வரச் சொன்னார். அவருக்கு ஒரு நப்பாசை. மரண ஆபத்தில் எத்தனையோ தடைகளைப் பங்குச் சாமியாரே தளர்த்தலாம் என்று சட்டம் இருக்கிறதே, இவர்களை இப்போதே சேர்த்துவைத்தால் என்ன?

வழியில் மணலில் கால் புதையப் புதைய நான் அவருக்குச் சொன்னேன். “தளர்த்தலாம். ஆனால் திருச்சபை போட்ட தடைகளை மட்டும். முன் கல்யாணம் அதில் சேராது.”

“மேற்றிராணியார் இந்த நிமிஷமே, அந்தோணி இறந்துவிட்டான் என்று தீர்மானிக்கலாமே?”

“நாம் எழுதாமல் இருந்திருந்தால் தீர்மானிக்கலாம். மேலிடத்தில் ஒரு விஷயம் நிலுவையில் இருக்கும்போது கீழே இருப்பவர் அதைத் தொடக் கூடாது.”

“கேட்டதால் கையைக் கட்டிக்கொண்டோம் என்கிறீரா?”

“அப்படித்தான் சாமி.”

அவர் நற்கருணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

குடிசைக்குள் பாய் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுக்கு அது உப்பித் தணிந்தது. சூசை அந்தப் பக்கம் கிடந்தான், பாதி ஆளாகிவிட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கண் மட்டும் சிரித்தது.

“ரைட்டரய்யா, கடுதாசி வந்துச்சா?”

“இன்னும் இல்லை.”

“வந்தா சொல்லி அனுப்புங்க. நான் எங்கியும் போவ மாட்டேன்.” இருமி முடித்து மேலும் சொன்னான். “இவுளுக்குன்னு ஒரு தாலி செஞ்சி வச்சிகீறேன். அரிசிப் பானைல கீது. ஒரு நாளாவது கட்டிப் பாக்கணும்.”

ரோசம்மாள் பாயின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சாமியார் அவளை உள்ளே வரச் சொல்லவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. சாமியார் எண்ணெய் பூசும்போது சூசையின் கை பாயின் விளிம்பில் இருந்தது. பாயின் இந்தப் பக்கத்தில், அதே உயரத்தில், அவள் தலையைச் சாய்த்திருந்தாள்.

இரண்டொரு நாளில் போய்விட்டான்.

வலக்கை

மந்திரித்த மண்ணிலேயே இடம் கிடைத்தது. அந்த வாக்கு அவனுக்கு அதைச் சம்பாதித்துக் கொடுத்தது. கோயில் புத்தகத்தில் ‘மணமாகாதவன்’ என்று எழுதப்பட்டது. அதுவும் சரியே.

நான் போயிருந்தேன். பெட்டி குடிசை வாசலில் இருந்தது. மடுத்தீனும் இன்னும் மூன்று பேரும் தூக்கத் தயாராக நின்றார்கள். மனைவி இல்லாதவன் என்பதால் தலைமாட்டில் யாரும் இல்லை. பெண்கள் தள்ளி நின்று அழுதார்கள். ரோசம்மாள் அவர்களுக்கும் பின்னால் நின்றாள். தங்கைக்கு இடம் உண்டு. ஆனால் அவள் தங்கை இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டியை மூட மூடியை எடுத்தபோது அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. இரண்டு கையையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்க் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினாள். மஞ்சள் கயிறு, சிலுவை போட்ட தாலி. அந்தோணி கட்டினது. அதைச் சுருட்டிச் சூசையின் வலக்கையில் வைத்தாள். விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி மடக்கினாள்.

குனிந்து அவன் காதருகே சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோரும் வாயை மூடியிருந்தார்கள்.

“போற எடத்துல அவரப் பாத்தா இத்தக் குடுத்துடு. இத்தினி நாளு பத்திரமா வச்சிகினு இருந்தேன்னு சொல்லு. நீயும் பத்திரமாப் போ.”

முன்பு அவளைக் கேலி செய்த பெண்களில் ஒருத்தி வாயில் சேலைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டாள்.

பங்குச் சாமியார் என் பக்கம் திரும்பினார். ஏதாவது விதி இதற்குக் குறுக்கே நிற்கிறதா என்று கேட்கிற பார்வை. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். அடக்கச் சடங்கில் பிணத்தின் கையில் ஜெபமாலையோ சிலுவையோ வைக்கலாம் என்றிருக்கிறது. தாலியில் சிலுவை இருந்தது. இல்லை என்று தலையை அசைத்தேன். அவர் தீர்த்தம் தெளித்தார். மூடியை வைத்து ஆணி அடித்தார்கள்.

மறுநாள் பந்தக் காப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். மடியில் இருந்த பூனையை மெல்ல இறக்கிவிட்டார்.

“அப்படியானால் என் ஆட்சேபம் நீங்கிவிட்டது” என்றார். அதை எழுதிக் கையெழுத்தும் போட்டார். மனசாட்சி உள்ளவர்.

பதில்

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. கல்லறைத் திருநாள் காலையில் பெயர் வாசித்தார்கள். அந்தோணிக்கு அடுத்துச் சூசை. புதிதாகச் சேர்ந்த பெயர் கடைசியில் வர வேண்டும். இது நடுவில் வந்தது. பங்குச் சாமியார் வேண்டுமென்றே செய்தாரா என்று நான் கேட்கவில்லை.

மத்தியானத் தபாலில் உரோமாபுரியின் முத்திரையோடு ஓர் உறை வந்தது. மூன்றே வரி. கேட்கப்பட்ட விஷயம் மேற்றிராணியாரின் சொந்த அதிகாரத்துக்கு உட்பட்டது. அனுப்பிய காகிதங்களைப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமிருப்பதாகத் தெரியவில்லை. அவர் தம் உரிமையைப் பயன்படுத்துவாராக.

மேற்றிராணியார் அன்றே பயன்படுத்தினார். மைகூடக் காயவில்லை. மீனவக் கைம்பெண் ரோசம்மாள் முதல் பந்தத்திலிருந்து விடுபட்டவள். தான் விரும்பியவரை மெய்விவாகம் செய்துகொள்ளலாம். சம்பந்தப்பட்டவருக்கு நேரில் அறிவிக்க வேண்டும் என்பது முறை. அறிவிக்க வேண்டியவன் நான்.

அவளைத் தேடிக் குப்பத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள். மழை விட்டு, எல்லோரும் நனைந்த மண்ணில் மெழுகுவர்த்தி நட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லறை இல்லாதவர்களுக்கு, தோட்டத்தின் நடுவில் இருக்கிற பெரிய சிலுவையின் அடியில் நடுவது வழக்கம். அங்கே ஒன்று நட்டுவிட்டு, சூசையின் மேட்டுக்கு வந்து, காற்றைக் கையால் மறைத்து இன்னொன்றைக் கொளுத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

“ரோசம்மா, கடிதம் வந்துவிட்டது.”

திரி பிடித்துக்கொள்கிற வரைக்கும் நிமிரவில்லை. “இன்னா எழுதிக்கீது?”

“நீ கல்யாணம் கட்டிக்கொள்ளலாம் என்று.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“யார?” என்றாள்.

அலுவலகத்துக்குத் திரும்பினேன். கோப்பை முடித்துக் கட்டுமுன் மேலட்டையில் பதில் வந்துசேர்ந்த தேதியை எழுத வேண்டும். எழுதினேன்: நவம்பர் இரண்டு, மரித்த விசுவாசிகள் அனைவரின் திருநாள்.